மதுரையில் எங்கே சாப்பிடுவது: வீதியும் வேளையும்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடிகாலையில் மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மேல வெளி வீதி. அதைத் தாண்டினால் டவுன்ஹால் ரோடு. இரண்டு பக்கமும் லாட்ஜுகள், லாட்ஜுகளுக்குக் கீழே ஹோட்டல்கள். குளித்துவிட்டுக் கீழே இறங்கி, கண்ணில் பட்ட முதல் ஹோட்டலில் இட்லி வடை சாப்பிட்டுவிட்டு, "மதுரைச் சாப்பாடு, மதுரைச் சாப்பாடுன்னு சொன்னாங்களே, இவ்வளவுதானா?" என்று பேசிக்கொண்டே கோவிலுக்கு நடக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்கும்போது மனசு சங்கடப்படும். அதே நேரத்தில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏதோ ஒரு சந்து முனையில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருக்கும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால். அதில் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய். மேலே தேங்காய்த் துருவல். தூக்குவாளியோடு வந்த பெரியவர் ஒருவர் "வீட்டுக்கு ரெண்டு" என்று மட்டும் சொல்வார். விலை கேட்க மாட்டார். வண்டிக்காரரும் சொல்ல மாட்டார். இருவருக்கும் அது பல வருடக் கணக்கு.

அந்தப் பெரியவரும் லாட்ஜில் தங்கிய குடும்பமும் ஒரே காலையில், ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் இருவருக்கும் கிடைக்கிற மதுரை வேறு வேறு. இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு சாப்பாட்டுக் கடையை ஒழுங்காக நடக்க வைப்பது முதலாளியின் நல்ல மனசு மட்டும் அல்ல. இன்றைக்குச் சாப்பிட்டவர் நாளைக்கும் வந்தால்தான் கல்லா நிறையும் என்ற நிலைமை வேண்டும். சாம்பார் நீர்த்துப் போனால் மறுநாள் ஆள் குறையும் என்ற பயம் வேண்டும். சுற்றுலா ஊரின் நடுவில் இருக்கிற கடைக்கு அந்தப் பயம் தேவையில்லை. இன்றைக்குச் சாப்பிட்டவர் நாளைக்கு ராமேஸ்வரத்திலோ கொடைக்கானலிலோ இருப்பார். அவருக்குப் பிடித்ததா இல்லையா என்பது கடைக்குத் தெரியப் போவதும் இல்லை. அவர் இடத்துக்கு நாளைக்கு இன்னொரு பஸ் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்படிப்பட்ட கடை வாசலுக்கும் வாடகைக்கும் செலவு செய்கிறது. அடுப்புக்குச் செலவு செய்ய அதற்குக் காரணம் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். கோவிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் 8 பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பருப்பு கேட்டால் தீர்ந்துவிட்டது. சாம்பார் ஆறிப்போய் வந்தது. பில்லில் நாங்கள் கேட்காத 2 அயிட்டம் ஏறியிருந்தது. சொன்னவுடன் கல்லாவில் இருந்தவர் மறுபேச்சு இல்லாமல் திருத்திக் கொடுத்தார். ஆனால் ஒரு தடவைகூட நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு உறைத்தது அதுதான். எங்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள அவருக்கு எந்த அவசியமும் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் தேடுவது முகம் தெரிந்து சோறு போடுகிற கடையைத்தான். மதுரையில் அப்படிப்பட்ட கடை எங்கே இருக்கும் என்பதை ஓரளவுக்கு ஊரின் அமைப்பே சொல்லிவிடும்.

வீதிகள் சொல்வது

மதுரை கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஊர். கோவில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. முன்பு ஊரைச் சுற்றிக் கோட்டை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வெளி வீதியும் அந்த இடத்தில் எழுந்தவை. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பதுதான்.

வெளியூர்க்காரர் புழங்குகிற இடங்கள் இந்த அடுக்கில் இரண்டு. நடுவில், கோபுர வாசல்களை ஒட்டிய சித்திரை வீதி. விளிம்பில், ரயில் நிலையமும் பெரியார் பஸ் நிலையமும் இருக்கிற மேற்குப் பக்கம். ஒரு முனையில் இறங்குகிறார்கள், மறு முனையில் சாமி கும்பிடுகிறார்கள், இரண்டையும் டவுன்ஹால் ரோடு இணைக்கிறது. திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடைகள் பெரும்பாலும் இந்தக் கோட்டின் மேலேயே இருக்கின்றன. இடையில் இருக்கிற மாசி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படி இல்லை. அங்கே இருப்பது மொத்த வியாபாரம்: பாத்திரம், பலசரக்கு, ஜவுளி, நகை. கணக்குப்பிள்ளைகளும் சுமை தூக்குகிறவர்களும் கடைப் பையன்களும் தினமும் அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் காசு எண்ணிச் செலவு செய்கிறவர்கள், ருசி தெரிந்தவர்கள், ஒரு நாள் சரியில்லை என்றால் மறுநாள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறவர்கள். இப்படிப்பட்ட ஆட்களை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிற கடை நல்ல கடையாக இல்லாமல் இருக்க முடியாது.

அதனால் என் முதல் யோசனை எளிமையானது. கோவிலிலிருந்து வெளியே வந்தால் இரண்டு வீதி தள்ளி நடங்கள். மாசி வீதியைத் தொட்டபின் சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள்.

விதிவிலக்கு உண்டு. மேலச் சித்திரை வீதியிலேயே, கோபுரத்தைப் பார்த்தபடி, கோபு ஐயங்கார் கடை இருக்கிறது. வெள்ளையப்பத்துக்குப் பெயர் பெற்றது. ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் பிரேமா விலாஸில் கோதுமை அல்வாவைச் சூடாக வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிற உள்ளூர்க் கூட்டத்தை அங்கே எப்போதும் பார்க்கலாம். இந்தக் கடைகள் வெளியூர்க்காரர் நடமாடுகிற இடத்தில் இருந்தாலும் உள்ளூர்க்காரரால் வாழ்கின்றன. வீதி ஒரு குறிப்புத்தான். யார் சாப்பிடுகிறார்கள் என்பதே உறுதியான அடையாளம்.

எந்த வேளைக்கு எது

வீதியைவிட முக்கியமானது கடிகாரம். மதுரையில் ஒரே வீதி காலை 6 மணிக்கு ஒன்றாகவும் மாலை 5 மணிக்கு வேறாகவும் இரவு 11 மணிக்கு இன்னொன்றாகவும் இருக்கும். சங்க காலத்திலேயே இந்த ஊரில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு சந்தைகள் இருந்ததை மதுரைக்காஞ்சி பாடுகிறது. தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கடைப் பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறார்கள், அது எந்த வேளைக்கான கடை என்பதை எழுதிக்கொண்டு வருவதில்லை. மாலையில் மட்டும் அடுப்புப் பற்றவைக்கிற கடையின் பூட்டிய கதவைக் காலை 11 மணிக்குப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அதில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோவிலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நண்பகல் 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆக, உள்ளே இருந்த அத்தனை பேரும் 12.30 மணிக்கு ஒரே நேரத்தில் பசியோடு வெளியே வருகிறார்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி ஹோட்டல்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் திணறும். பரிமாறுகிறவர் ஓடுவார், ரசம் கேட்டால் மோர் வரும், உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் இலைக்காக நின்றுகொண்டிருப்பார். எங்கள் 8 பேர் கதை நடந்ததும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். 11.45 மணிக்கே கிளம்பிவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு ஆட்டோ பிடித்து வைகைக்கு வடக்கே போய்விடுங்கள். அங்கே ஏன் போக வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மாலை 5 மணிக்கு மேல் ஊர் வேறு வாசனைக்கு மாறும். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெருக்கள், லட்சுமிபுரம், காமராஜர் சாலை இவையெல்லாம் பட்டு நெசவுக்குப் பெயர்போன சௌராஷ்டிர மக்கள் அதிகம் வாழ்கிற பகுதிகள். அங்கே மாலையில் முள்ளுமுருங்கை அடை போடுவார்கள். முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு சேர்த்து அரைத்து, பூரிபோலத் தட்டி எண்ணெயில் போட்டால் பச்சை நிறத்தில் எழும்பி வரும். எடுத்தவுடன் மேலே பொடியைத் தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று பாட்டிகள் சொல்கிற இலை அது. இரண்டு மூன்று மணி நேரத்தில் மாவு தீர்ந்துவிடும். எந்த விளம்பரமும் கிடையாது, பல இடங்களில் பெயர்ப் பலகைகூட இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளை நிற்கிற இடத்தில் நீங்களும் நின்றால் போதும்.

காஜிமார் தெரு, நெல்பேட்டை, கோரிப்பாளையம் பக்கம் பிரியாணியின் ராஜ்யம். சிம்மக்கல் கோனார் கடையின் கறி தோசையை இரவில் சாப்பிட வேண்டும். கனமான தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி என்று மூன்று அடுக்கு. ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், அதனால் ஆளுக்கு ஒன்று என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பன் பரோட்டா, சால்னா, கோலா உருண்டை எல்லாமும் விளக்கு வைத்த பிறகுதான் களை கட்டும்.

இரவு இட்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாள் 11 மணி இருக்கும், கீழவாசல் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் நின்றேன். வண்டிக்காரம்மாவுக்கு 60 வயது இருக்கலாம். கொப்பரையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தட்டில் 4 இட்லி மிச்சம் இருந்தது. கேட்டேன். "கொஞ்சம் பொறுப்பா, அடுத்த ஈடு வேகுது. அது ஆறிப்போச்சு, உனக்கு வேணாம்" என்றார். பக்கத்தில் நின்ற லோடுமேன் ஒருவர், "அக்கா, ஆறுனதை எனக்குப் போடுங்க, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்று வாங்கிக்கொண்டார். ஈடு இறங்கியது. துணியைத் தண்ணீர் தெளித்து உரித்து, இலையில் வைத்து, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, தேங்காய்ச் சட்னி, ஓரத்தில் பொடி, பொடிக்கு நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். அந்த அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையில், ஈடு, ஒரு நல்ல கடையைக் கண்டுபிடிக்கிற வழியே இருக்கிறது.

ஏனென்றால் இட்லியோ பரோட்டாவோ, நம் ஊர்ப் பலகாரங்களில் முக்கால்வாசி சூடு ஆறினால் செத்துப்போகிறவை. எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும் ஒரு மணி நேரம் தட்டில் காத்திருந்த இட்லி வறண்டுதான் இருக்கும். ஆள் வந்துகொண்டே இருந்தால்தான் ஈடு இறங்கிக்கொண்டே இருக்கும். கூட்டம் இருக்கிற கடையில் சாப்பிடு என்று பெரியவர்கள் சொன்னதன் உள்ளர்த்தம் இதுதான். கூட்டம் என்றால் சரக்கு தேங்கவில்லை என்று அர்த்தம். அதிலும் தேங்காய்ச் சட்னி ஒரு நல்ல அளவுகோல். மதுரை வெயிலில் அரைத்த தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். காலை 10 மணிக்கு மேல் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தால் நான் முதலில் சட்னியை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். புதிதாக அரைத்திருந்தால் அந்தக் கடையில் இன்னும் ஆள் வருகிறது, அடுப்படி விழித்திருக்கிறது. லேசாகப் புளிப்பு தட்டினால் ஒரு காபியோடு எழுந்துவிடுவேன்.

இதே காரணத்தால்தான், எல்லா வேளையிலும் எல்லாம் கிடைக்கும் என்கிற மெனு கார்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. தோசை, நூடுல்ஸ், பன்னீர், மீன், பிரியாணி என்று 200 அயிட்டம் எழுதி வைத்திருக்கிற சமையலறையில் பாதி ஃப்ரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும். "இன்னைக்கு அது தீர்ந்துபோச்சு" என்று சொல்கிற கடையை நம்புங்கள்.

பெயர்ப் பலகையும் நட்சத்திரமும்

பெயரை மட்டும் வைத்துக் கடை தேடுவதில் இன்னொரு சிக்கல், ஒரே பெயர் பல கைகளில் இருப்பது. முனியாண்டி விலாஸ் இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாடு முழுக்க, அதைத் தாண்டியும் அந்தப் பலகையைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர் பலர் அதை ஒரே முதலாளியின் கிளைகள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வடக்கம்பட்டி என்ற கிராமம்தான் அதற்கு மூலம். அந்த ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1930களில் காரைக்குடியில் தங்கள் ஊர் முனியாண்டி சாமியின் பெயரில் முதல் ஹோட்டலைத் திறந்தார். அது நன்றாக ஓடவே, ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்களும் அதே பெயரில் ஆளுக்கொரு ஊரில் கடை போட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் வடக்கம்பட்டியில் கூடி, கிடா வெட்டி, அண்டா அண்டாவாகப் பிரியாணி செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அருமையான மரபு. ஆனால் ஒவ்வொரு கடையும் தனித்தனி ஆளுடையது, தனித்தனி மாஸ்டர், தனித்தனி மசாலா. ஓர் ஊரில் சாப்பிட்ட ருசியை இன்னோர் ஊரில் அதே பலகைக்குக் கீழே எதிர்பார்க்க முடியாது.

ஜிகர்தண்டாவும் அப்படித்தான். பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பாசந்தி, மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் பெயர் வாங்கியது. இப்போது ஊரெங்கும், "புகழ்பெற்ற", "ஒரிஜினல்" என்ற அடைமொழிகளோடு விற்கப்படுகிறது. அடைமொழியைப் பார்க்காமல் பாலைப் பாருங்கள். பால் சுண்டக் காய்ச்சி இளம் பழுப்பாக இருக்கிறதா, வெள்ளைப் பாலில் கலர் சேர்த்ததா என்பது கிளாஸைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் போன். எல்லோர் கையிலும் மேப் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, பிறகு என்ன என்று கேட்கலாம். நட்சத்திரத்துக்கு வியாபாரத்தில் எவ்வளவு பலம் என்பதை ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா சியாட்டில் நகர உணவகங்களை வைத்துக் கணக்கிட்டார். சாப்பிட்டவர்கள் மதிப்புரை எழுதுகிற யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. கூடியது தனிக் கடைகளுக்குத்தான், பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு அந்த விளைவு இல்லை. இவ்வளவு பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் பொய் மதிப்புரை வராமல் இருக்குமா? 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தான் குடியிருந்த கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை வைத்துப் பாராட்டு எழுதவைத்தே அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். முதலிடம் பிடிக்கிற வரை அங்கே ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை.

ஆனால் பொய்யைவிட எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது, உண்மையாகவே போடப்படுகிற நட்சத்திரம் எதற்காகப் போடப்படுகிறது என்பது. கோவில் நகரத்துக்கு வருகிற குடும்பத்தில் வயதானவர்கள் இருப்பார்கள், கைக்குழந்தை இருக்கும். கார் நிறுத்த இடம், ஏசி, சுத்தமான கழிவறை, உட்கார நாற்காலி இதற்கெல்லாம் அவர்கள் 5 நட்சத்திரம் போடுவார்கள். நியாயமான தேவைதான், அம்மாவை அழைத்துப் போனால் நானும் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் அந்த 5 நட்சத்திரம் குழம்புக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். தமிழில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். 3 நட்சத்திரம் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களிடம் கோபமும் இருக்காது, கடைக்காரருக்கு வேண்டியவர்களாகவும் இருக்க மாட்டார்கள். "குடல் குழம்பு நல்லா இருந்துச்சு, சாதம்தான் குழைஞ்சுபோச்சு" என்று எழுதுகிறவர் நிஜமாகச் சாப்பிட்டவர். ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயர் பலர் எழுத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கடைக்கு அதற்காகப் போகலாம்.

போனைவிட வாய் நல்லது. மீனாட்சி கோவிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதால் கோவில் வாசலில் எல்லோரும் கொஞ்ச நேரம் அது இல்லாமல்தான் நிற்கிறோம். கேட்பதிலும் பக்குவம் இருக்கிறது. "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் வெளியூர்க்காரருக்கு எது வசதி என்று அவர்களே தீர்மானித்து, பெரிய ஹோட்டலாகப் பார்த்துக் கைகாட்டுவார்கள். அது மரியாதையில் சொல்வது. ஆட்டோவில் ஏறிக்கொண்டு கேட்டால் சில ஓட்டுநர்கள் கமிஷன் கிடைக்கிற வாசலில் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, "அண்ணே, நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். ஒரு நொடி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்புறம் முகம் மாறும். "நமக்கு அங்கிட்டு ஒரு கடை இருக்குண்ணே, உங்களுக்கு ஒத்து வருமான்னு தெரியல, சின்னக் கடை" என்று தயங்கிச் சொல்வார்கள். அந்தத் தயக்கத்தோடு வருகிற பதில் என்னை இதுவரை ஏமாற்றியது கிடையாது. பூக்கட்டுகிற அம்மா, பாத்திரக்கடைக் கணக்குப்பிள்ளை, லாட்ஜின் இரவுக் காவலர், இவர்களிடம் கேளுங்கள்.

ஆற்றுக்கு வடக்கே

இனி வைகையின் அக்கரை. தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சுற்றுலாக்காரருக்குப் பார்க்க அதிகம் இல்லை, காந்தி அருங்காட்சியகத்தைத் தவிர. ஆனால் கலெக்டர் அலுவலகம், மாநகராட்சி, நீதிமன்றம், அரசு ராஜாஜி மருத்துவமனை, அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. மதியம் ஒரு மணிக்குப் பசிக்கிற குமாஸ்தாக்களும் வக்கீல்களும் மாணவர்களும் அந்தப் பக்கம்தான். மதுரையின் பேர்பெற்ற மெஸ்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் எல்லாம் தல்லாகுளம் வட்டாரத்துக் கடைகள். மெஸ் என்றாலே தினமும் வந்து சாப்பிடுகிறவரை நம்பி நடக்கிற இடம்.

இங்கே வந்தால் அயிரை மீன் குழம்பைக் கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன், கண்மாய்ச் சேற்றில் வாழ்வது. உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு உரசிக் கழுவி, அப்புறம்தான் குழம்புக்குப் போகும். இந்த மெனக்கெடல் ஒன்றைச் சுருக்கினாலும் வாயில் நறநறவென்று மண் கடிபடும். வரத்தும் குறைவு, அதனால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். வருடம் முழுக்க, எல்லா நாளும், மலிவான விலைக்கு அயிரை என்று போட்டிருந்தால் சந்தேகப்படலாம். பரிமாறுகிறவரிடம் "இன்னைக்கு அயிரை எப்படி?" என்று கேட்டால், நல்ல மெஸ்ஸில் "இன்னைக்கு வேணாம், விரால் நல்லா இருக்கு" என்று சொல்கிற ஆளும் உண்டு.

பருவத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். ராமேஸ்வரம் போகிற வட இந்தியர்கள் வருடம் முழுக்க வருவார்கள். கோவிலைச் சுற்றித் தெலுங்கிலும் இந்தியிலும் பலகைகள் தெரிவது அதனால்தான். அந்தக் கடைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்திப் பலகை வைத்த சில இடங்களில் ரொட்டியும் பருப்பும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் இங்கேயே குடியிருக்கிற வட இந்திய வியாபாரிகள் தினமும் அங்கே சாப்பிடுகிறார்கள். மறுபடியும் அதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கெல்லாம் செல்லாத நாட்கள் சித்திரைத் திருவிழா நாட்கள். தேர் மாசி வீதிகளில் வரும், அழகர் வைகையில் இறங்குவார், லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். எந்த ஹோட்டலிலும் நிதானமாகச் சாப்பிட முடியாது, தேடிப் போகவும் வேண்டாம். வீதிக்கு வீதி பந்தல் போட்டிருப்பார்கள். ஒரு பந்தலில் நீர்மோர், அடுத்ததில் பானகம், அதற்கடுத்ததில் தயிர்சாதமோ புளியோதரையோ. வியாபாரிகளும் குடும்பங்களும் நேர்த்திக்கடனாகச் சமைத்துப் போடுகிற சோறு அது. போன திருவிழாவில் வடக்கு மாசி வீதியில் ஒரு பந்தலில் நின்றேன். அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: "என்னண்ணே, நம்ம கடைக்கு வர்ற ஆளுல்ல நீங்க? நல்லா வாங்கிக்கங்க, இன்னும் ரெண்டு அண்டா இருக்கு."